ஊட்டி: சீசனுக்காகக் கட்டிய ஊர்

ஊட்டிக்குப் போய் நாம் மயங்கி நிற்கும் காட்சிகளில் பெரும்பாலானவை 200 வருடங்களுக்கு முன்பு அங்கே கிடையாது. ஏரி கிடையாது. சரிவுகளை மூடிக் கிடக்கும் தேயிலை கிடையாது. காற்றில் தைல வாசம் கலக்கும் யூகலிப்டஸ் ஒன்றுகூடக் கிடையாது. பைன் மரம், கேரட், உருளைக்கிழங்கு, ரோஜாத் தோட்டம், மலை ரயில் எதுவுமே கிடையாது. அத்தனையும் யாரோ கொண்டுவந்து வைத்தவை. யாருக்காக வைத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஊரின் கதை மொத்தமும் வெளியே வந்துவிடும்.

கீழே வெயில் தாங்காதவர்கள் மேலே ஏறி வந்து, சில வாரம் இருந்துவிட்டுப் போவதற்காக உருவான ஊர் இது. முதலில் வெள்ளைக்கார அதிகாரிகள், பிறகு சமஸ்தானத்து ராஜாக்கள், அப்புறம் சினிமாக்காரர்கள், இப்போது நாம். வருகிறவர்கள் மாறினார்கள். அவர்களுக்கென்றே மலையை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கட்டிடம் எழுப்பும் பழக்கம் மட்டும் மாறவில்லை. 2011 கணக்கெடுப்பில் உதகமண்டலம் நகராட்சியின் மக்கள் தொகை 88,430. பன்னிரண்டு மாதமும் அங்கேயே குளிரில் நடுங்கி, மழையில் நனைந்து, மலைச்சரிவில் பிழைப்பு நடத்தும் இந்த மனிதர்களை மனதில் வைத்து ஊட்டியின் வரலாற்றைப் புரட்டினால் வேறு ஒரு ஊர் தெரிகிறது.

மந்துகளின் மலை

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் அன்று இருந்தது புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை அலை அலையாகப் புல்மேடுகள். இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் அடர்த்தியான சோலைக்காடு. தென்மேற்குப் பருவமழையைப் புல்வெளி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். சோலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். கோடையிலும் வற்றாத அந்த ஓடைகள்தான் பவானியாகவும் மோயாறாகவும் இறங்கி, பவானிசாகரில் கூடி, காவிரிக்குப் போகின்றன. ஈரோட்டு வயலுக்குப் பாயும் தண்ணீரின் கணக்கு இந்தப் புல்லில் தொடங்குகிறது.

அந்தப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். பிரம்பையும் மூங்கிலையும் வளைத்து, புல் வேய்ந்து, கவிழ்த்து வைத்த அரைவட்டமாக நிற்கும் அவர்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. வாசலோ தவழ்ந்துதான் உள்ளே போக முடிகிற உயரம். குளிர்காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராதபடி அளந்து செய்த வாசல் அது. அப்படிச் சில வீடுகள் சேர்ந்தால் ஒரு மந்து. பக்கத்துக் கிராமங்களில் கோத்தர்கள் இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், சாவு வீட்டுக்கும் சாமிக்கும் இசை வாசித்தார்கள். படுகர்கள் ஹட்டி என்ற தங்கள் ஊர்களில் குடியிருந்து தானியம் விதைத்தார்கள். குறும்பரும் இருளரும் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். நெய், தானியம், கத்தி, தேன் என்று ஒருவர் பொருளை மற்றவர் வாங்கிப் பிழைத்த ஒரு முழுமையான பொருளாதாரம் அது.

இந்த மலையை வெள்ளைக்காரர்கள்தான் 'கண்டுபிடித்தார்கள்' என்று சுற்றுலாக் கையேடுகள் இன்னும் அச்சடிக்கின்றன. ஆனால் ஹொய்சாள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனீசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. ஐரோப்பியர் என்று பார்த்தாலும், கோழிக்கோட்டிலிருந்து 1603-இல் மலையேறி வந்த ஜேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோதான் முதலில் எழுதி வைத்தவர். வழி தவறிப்போன கிறிஸ்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர், தோடர்களையும் படுகர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு 200 வருடம் ஐரோப்பியர்கள் மலையைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

கலெக்டர் ஏறி வந்தார்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1812-இல் நிலஅளவைக்காரர்கள் வந்து போனார்கள். 1818-இல் கோயமுத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிப் பார்த்துவிட்டு, கோடையிலும் குளிர்கிற நாடு ஒன்று மேலே இருக்கிறது என்று சொன்னார்கள். அதைக் கேட்டு, 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே கிளம்பிவிட்டார்.

அப்போது அவருக்கு முப்பது வயதுதான். முதலில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்த வீடு பழுது பார்க்கப்பட்டு இன்று அவருடைய நினைவகமாக இருக்கிறது. பிறகு இன்னும் உள்ளே நகர்ந்து, தோடர்களின் மந்துகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் 1822-இல் கல்வீடு ஒன்றைத் தொடங்கினார். ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு அதுதான். தோடர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். அந்த வீடு இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு அவர் வாங்கினார் என்பது ஊட்டியில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

சல்லிவனை எளிதாகக் கெட்டவராக்கிவிட முடியாது. மலையின் நிலம் தோடர்களுக்கே உரியது, அவர்களுக்குரிய தொகையைக் கொடுக்காமல் எடுக்கக்கூடாது என்று கம்பெனி அரசோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர் அவர். உருளைக்கிழங்கு, கோசு, பழமரம் என்று குளிர்நாட்டுப் பயிர்களைக் கொண்டுவந்தார். ஓடைகளை மறித்து ஒரு ஏரியை உண்டாக்கினார். பாசனத்துக்கு ஆகும் என்பதும் அவர் நினைப்பில் இருந்தது. உழவும் தண்ணீரும் சேர்ந்த ஒரு ஊரை அவர் மனதில் வைத்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நடந்தது வேறு. 1827-இல் சென்னை கவர்னராக வந்த ஸ்டீஃபன் லஷிங்டனுக்கு, நோய்ப்பட்ட ஐரோப்பியப் பட்டாளத்துக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள ஒரு மலைவாசஸ்தலம் வேண்டியிருந்தது. 1828-இல் ஊட்டி ராணுவப் பொறுப்புக்குப் போனது. சல்லிவனின் கை தாழ்ந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 23-ஆம் தேதி புனித ஸ்டீஃபன் தேவாலயத்துக்கு லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையை இடித்து, மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தவை. இன்றும் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் அந்த மரங்கள் தெரியும். சல்லிவனின் மனைவியும் மகளும் அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள்.

மலைமேல் ஒரு தலைமைச் செயலகம்

1834-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஊட்டியில் வந்து தங்கியபோது, அவருடைய சபையில் சட்ட உறுப்பினராகச் சேர வந்த மெக்காலே கப்பலில் சென்னை வந்திறங்கி இங்கேதான் அவரைச் சந்திக்க ஏறினார். இந்தியாவின் ஆட்சி சில காலம் இந்த மலையிலிருந்தே நடந்தது. 1870-க்குப் பிறகு சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகரம் ஊட்டி. கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், கோப்புப் பெட்டிகள் எல்லாம் வெயில் தொடங்கியதும் ஏறி, மாதக்கணக்கில் மேலேயே இருந்தன. கவர்னர் வந்தால் ராஜாக்கள் வராமல் இருப்பார்களா? மைசூர், பரோடா, ஜோத்பூர் மகாராஜாக்கள் அரண்மனைகள் எடுத்தார்கள். கிளப், குதிரைப் பந்தயம், நாய்களை விட்டு நரி வேட்டை, 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் என்று ஒரு சின்ன இங்கிலாந்து உருவானது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன.

தாவரவியல் பூங்காவின் பிறப்பு இதைவிடச் சுவையானது. அழகுக்காக அதை யாரும் ஆரம்பிக்கவில்லை, சமையலறைக்காக ஆரம்பித்தார்கள். 1840-களில் ஊட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டி, காய்கறித் தோட்டம் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். அது சரிப்படாமல் போக, அரசு கைகொடுத்தது. 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து, காடும் சதுப்புமாகக் கிடந்த சரிவைப் படிப்படியாகச் செதுக்கினார். முடிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. பூங்காவின் உச்சிக்கு ஏறிப்போனால் ஒரு மந்து இருக்கிறது. பூங்கா வருவதற்கு முன்பே இருந்த மந்து.

மெக்ஐவரின் இன்னொரு வேலை சிங்கோனா. மலேரியாவுக்கு மருந்தான குவினைன் கிடைக்கும் அந்த மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் கொண்டுவந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் வேலை வாங்கப்பட்டவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்து வைத்த கட்டிடம் அங்கே இன்னும் இருக்கிறது.

இதே காலத்தில்தான் புல்வெளியின் தலையெழுத்தும் மாறியது. பங்களாக்களுக்கும் பட்டாளத்துக்கும் விறகு வேண்டும். சோலை மரங்கள் வெட்டி மாளவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், 1843-இல் யூகலிப்டஸும் வந்தன. நம் வீட்டு அலமாரியில் சளிக்கு வைத்திருக்கும் நீலகிரித் தைலம் இந்த வந்தேறி மரத்தின் இலையிலிருந்து காய்ச்சி எடுக்கும் எண்ணெய்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறையே காகித ஆலைக்கும் ரேயான் ஆலைக்கும் கொடுக்க என்று புல்வெளியில் இந்த மரங்களை நட்டது. வெறும் புல் இருக்கும் இடம் வீண் நிலம் என்ற எண்ணம் வெள்ளைக்காரரோடு போகவில்லை. மலைக்கு நேர்ந்த சேதங்களில் இதையே ஆகப் பெரியது என்பேன். ஏனென்றால் இதைச் சேதம் என்று பார்க்கக்கூட நமக்குக் கண் பழகவில்லை. பச்சையாக இருந்தால் போதும், காடு என்றே நினைத்துக்கொள்கிறோம்.

பல்சக்கரம்

1854-இலேயே பேசத் தொடங்கிய மலை ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூரை எட்டியது 1899 ஜூனில். ஊட்டிக்கு வந்தது 1908 அக்டோபரில். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள்.

கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் தொடங்கும். இன்ஜினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். சாதாரண ரயில் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். முன்னால் என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, சைகை பின்னால் இன்ஜினுக்குப் போய்ச் சேரும். வழியில் ஹில்குரோவ் மாதிரி நிலையங்களில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும். இந்த இன்ஜின்களைப் பழுது பார்ப்பதோடு நிற்காமல், புதிதாகவே செய்து கொடுத்த பெருமை திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு உண்டு. 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து பாதை மூடும்போதெல்லாம் கொட்டும் மழையில் மண்ணை அள்ளிப் போடும் தொழிலாளிகளைப் பாரம்பரியப் பட்டியல் எதிலும் காணோம்.

ராஜாக்கள் போன பின்பு

1947-க்குப் பிறகு ஊட்டி வேறு மாதிரி ஆகியிருக்கலாம். அதற்கான முயற்சிகளும் நடந்தன. தூசு குறைந்த குளிர்ந்த காற்று ஃபிலிம் தயாரிக்கத் தோதானது என்று 1960-இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் எக்ஸ்ரே ஃபிலிமும் புகைப்பட ஃபிலிமும் நாடெங்கும் போயின. ஊட்டியில் மாதச் சம்பளக் குடும்பங்களின் ஒரு தலைமுறையே அந்த ஆலையால் உருவானது. டிஜிட்டல் வந்தது; ஆலை நொடித்து மூடப்பட்டது.

முத்தோரையில் 1970-இல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்த ரேடியோ தொலைநோக்கி இன்னும் ஓடுகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்கு தெற்காகத் தொலைநோக்கியைக் கிடத்தினார்கள். அதனால் அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திருப்பலில் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். மலையை வெட்டாமல், மலையின் சாய்வையே கருவியாக்கிக்கொண்ட இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். ஊட்டிக்கு வரும் கூட்டத்தில் முத்தோரைப் பக்கம் திரும்புகிறவர்கள் மிகச் சிலர்.

1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட தமிழர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் 'டான்டீ' ஆனது. அங்கே மலையகத்தில் கொழுந்து பறித்த கை, இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தது. தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயன்களும் கூடவே வந்தன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இன்று மூன்றாம் தலைமுறை வாழ்கிறது. வீட்டுமனைப் பட்டாவுக்கு இன்னும் மனு எழுதுகிறவர்கள் அவர்களில் உண்டு.

இத்தனைக்கும் நடுவே ஊரின் விதியைத் தீர்மானித்தது சீசன்தான். கோடைத் தலைநகர ஏற்பாடு ஓய்ந்ததும் நடுத்தர வர்க்கம் வரத் தொடங்கியது. 1967-இல் 'ஊட்டி வரை உறவு' என்று சினிமாவுக்கே பெயர் வைக்கும் அளவுக்கு இந்த ஊர் தமிழ்நாட்டின் கனவாகிவிட்டிருந்தது. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியைப் பார்த்து அழுத ஒரு தலைமுறைக்கு கேத்தி ரயில் நிலையம் சொந்த ஊர் ரயில் நிலையம் மாதிரி. தேனிலவு என்றால் ஊட்டி. ஸ்கூல் டூர் என்றால் ஊட்டி. கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஊட்டி. 1896-இல் தொடங்கிய மலர்க்கண்காட்சி மே மாதத் திருவிழாவானது. அதன் நூற்றாண்டையொட்டி 1995-இல் ரோஜாத் தோட்டம் வந்தது. வர்க்கியும் ஹோம்மேட் சாக்லெட்டும் வீட்டுக்கு வாங்கிப்போகும் பண்டங்களாயின.

இந்தக் கூட்டத்தால் பிழைப்பவர்களை நான் மறக்கவில்லை. டாக்சி டிரைவர், குதிரைக்காரர், லாட்ஜ் ஊழியர், சாலையோரம் கேரட் கட்டு விற்கும் பெண்கள் எல்லோருக்கும் இரண்டு மாத வருமானம்தான் வருடச் சோறு. ஆனால் மழைக்காலத்தில் ஊட்டி எப்படி வாழ்கிறது என்று பார்க்க கேத்தி பாலாடா பக்கம் விடியும் முன்பே போக வேண்டும். அறுவடைத் தொழிலாளிகள் ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக்கொண்டு பனியில் கேரட் பிடுங்குவார்கள். மூட்டைகள் நேராகக் கழுவும் இயந்திரத்துக்குப் போகும். சிவப்பு மண் கரைந்து ஓடையில் இறங்க, பளபளவென்று வெளியே வரும் கேரட்டை லாரியில் அடுக்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். நம் ஊர்ச் சந்தையில் 'ஊட்டி கேரட்' என்று கூவி விற்பது இதைத்தான்.

கோடப்பமந்து கால்வாய்

சல்லிவன் உண்டாக்கிய ஏரி இன்று இருப்பதைவிட வெகு பெரியது. அதன் ஒரு பகுதியை மூடித்தான் குதிரைப் பந்தய மைதானம் வந்தது. பேருந்து நிலையம் நிற்பதும் பழைய ஏரிப்படுகையில்தான். எஞ்சிய ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைக்குக் கோடப்பமந்து கால்வாய் என்று பெயர். ஒரு தோடர் மந்தின் பெயரைச் சுமக்கும் அந்தக் கால்வாய், ஊரின் சாக்கடையைச் சுமந்து வந்து படகுத்துறைக்குப் பக்கத்தில் கொட்டுகிறது. சீசனில் ஊரின் மக்கள் தொகையைப் போலப் பல மடங்கு பேர் வந்து தங்கும்போது அந்தக் கழிவு எவ்வளவு பெருகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படகில் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கும் தண்ணீர் அது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 1990-லேயே மலைப்பகுதியில் கட்டிடம் கட்டுவதை முறைப்படுத்தத் தனி ஆணையம் அமைத்தது அரசு. விதி காகிதத்தில் இருக்க, கட்டிடம் சரிவில் ஏறியது. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டமெங்கும் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் பல மாதம் பெய்வதை ஒரே நாளில் வாங்கிக்கொள்ள அந்தப் பழைய புல்வெளி பெரும்பாலும் இல்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. பிளாஸ்டிக் தடை என்ற பேச்சே நாட்டில் அதிகம் எழாத 2000-களின் தொடக்கத்தில் அன்றைய கலெக்டர் சுப்ரியா சாஹு நீலகிரியில் அதைச் செய்து காட்டினார். இன்று சாலையோரம் குடிநீர் ஏடிஎம் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் சோதனைச் சாவடியிலேயே பறிமுதலாகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து சீசன் நாட்களில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனாலும் ஊட்டியின் 200 வருட வரலாற்றில் 'இவ்வளவுதான் தாங்கும்' என்று முதன்முதலாக ஒரு எண் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். வண்டிக்கு வைத்த அளவைக் கட்டிடத்துக்கும் தண்ணீருக்கும் கழிவுக்கும் வைக்க வேண்டும். சீசன் வருமானத்தை மட்டுமே நம்பாத வேலைகளை மலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஒரு வாய்ப்பு ஊரின் நடுவிலேயே வந்திருக்கிறது. 2022 மே மாதம் ஊட்டி 200 கொண்டாட்டத்தில் முதலமைச்சர் சல்லிவனுக்குச் சிலை திறந்தார். இரண்டு வருடம் கழித்து, 2024 ஜூலையில், குத்தகைப் பாக்கிப் பிரச்சினையில் 52 ஏக்கர் பந்தய மைதானத்தை அரசு தன் வசம் எடுத்தது. சூழல் பூங்கா அமைப்பதாகத் திட்டம். அங்கே இன்னொரு டிக்கெட் கவுண்டர், இன்னொரு கண்ணாடிப் பாலம், இன்னொரு வண்டி நிறுத்துமிடம் வந்தால் பழைய கதைதான் தொடரும். அந்தப் படுகையைச் சதுப்பாகவே விட வேண்டும். நாணலும் கோரையும் வளர்ந்து, கோடப்பமந்து கால்வாயின் தண்ணீர் அதில் தேங்கித் தெளிந்து ஏரிக்குப் போக வழி செய்ய வேண்டும். ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்கும், அங்கிருந்து மோயாறுக்கும் போகிறது. அதைக் குடிப்பவர்கள் கீழே இருக்கிறார்கள்.